ஏழாம் கிரேடு சிலுவைப் போர்

மகளுடைய பாடப் புத்தகத்தை அவளுக்கு முன்னால் நான் படித்துவிடுவேன். பாடத்தின் மேல் உள்ள ஆசை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எல்லாம் சந்தேகம்தான். அது 2002-ஆம் வருடம். கலிபோர்னியாவில் பிளசன்டன் என்ற ஊர். முக்காடு போட்ட ஒரு தமிழச்சி அங்கே எதையும் சும்மா நம்பிவிட முடியாது. கடையில் சில்லறை கொடுக்கிற பெண் இரண்டாவது தடவை நிமிர்ந்து பார்த்தால், ஏன் பார்த்தாள் என்று வீடு வந்து சேரும் வரை மண்டையைக் குடைந்துகொண்டிருப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் கையசைத்து ஹாய் சொன்னால், நேற்றுச் சொல்லாத மனுஷன் இன்றைக்கு ஏன் சொல்கிறார் என்று யோசிப்பேன். என் வீட்டுக்காரர் சொல்வார், "உனக்குப் போலீஸ்ல வேலை கிடைச்சிருக்கணும் புள்ள." கிடைத்திருந்தால் நன்றாகத்தான் செய்திருப்பேன்.

ஏழாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம் அம்மிக்கல் கனம் கனத்தது. இடைக்கால உலகம் முழுவதையும் அதில் அடைத்து வைத்திருந்தார்கள். முதலில் எங்கள் மார்க்கத்தைப் பற்றி ஒரு பாடம். அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு, வரிவரியாகக் குற்றம் தேடிப் படித்தேன். பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றும் அகப்படாததே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அடுத்த பாடம் ஐரோப்பா. நிலமெல்லாம் ராஜாவுக்குச் சொந்தம். அவர் பிரபுக்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். பிரபுக்கள் தங்களுக்காகச் சண்டை போடும் குதிரை வீரர்களுக்குக் கொடுப்பார்கள். எல்லாருக்கும் அடியில் பண்ணையடிமைகள். அவர்கள் நிலத்தோடு சேர்த்தி. நிலம் கைமாறினால் அவர்களும் கைமாறுவார்கள், எஜமான் சொல்லாமல் ஊரை விட்டுப் போகக் கூடாது, கல்யாணம்கூடக் கேட்டுத்தான் பண்ண வேண்டும். இதைப் படித்ததும் சன்னிவேல் ஆபீஸில் இருந்து ஷட்டில் பஸ்ஸும் ரயிலும் மாறி மாறி வந்து களைத்துக் கிடந்த மனுஷனிடம் போய், "ஏங்க, ஒங்களப் பத்தி ஒரு பாடமே போட்டிருக்கான்" என்றேன். அவருடைய விசா கம்பெனியோடு கட்டியது. கம்பெனி வேண்டாமென்றால் வீடு, கார், மகளின் பள்ளி எல்லாவற்றையும் விட்டுவிட்டு மூட்டை கட்ட வேண்டும். கிரீன் கார்டு பேப்பர் எங்கேயோ வரிசையில் நின்றுகொண்டிருந்தது. அவர் சிரிக்கவில்லை. "மெதுவாப் பேசு" என்றார். வீட்டுக்குள் மூன்று பேர்தான் இருந்தோம், யாருக்குக் கேட்டுவிடும் என்று பயந்தாரோ தெரியாது.

இவர்கள் எல்லாருக்கும் மேலே மதகுரு. ஒருநாள் போப், கிழக்கே போய் ஜெருசலேமைப் பிடியுங்கள், போகிறவர்களின் பாவமெல்லாம் தீரும் என்று அறிவிக்கிறார். பிரபு, வீரன், ஏழை பாழை என்று கூட்டம் கூட்டமாகக் கிளம்புகிறார்கள். நாங்கள் பைத்துல் முகத்தஸ் என்று சொல்லி வளர்ந்த ஊர் அது. அந்தப் பக்கங்களை இரண்டு தடவை படித்தேன். யார் மேல் தப்பு என்று புத்தகம் கடைசி வரை சொல்லாமல் நழுவிவிட்டது.

இந்தப் பாடத்துக்கு வகுப்பு ஆசிரியை ஒரு விளையாட்டு வைத்தார். சில வாரங்களுக்கு வகுப்பே ஒரு பண்ணை. ஒரு தொப்பியில் சீட்டுப் போட்டு எடுக்கச் சொன்னார். ராஜா, பிரபு, குதிரை வீரன், பாதிரி, தச்சன், பண்ணையடிமை என்று யாருக்கு எது வருகிறதோ அதுதான் அவர்கள். கடைசியில் பெற்றோரை எல்லாம் அழைத்து ஒரு திருவிழா. புனிதப் போருக்கு ஊர்வலம் கிளம்புவதோடு முடியும்.

என் மகளுக்குக் குதிரை வீரன் சீட்டு வந்தது.

அன்று அவள் வீட்டுக்குள் நுழைந்த வேகம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. ஷூவைக் கழற்றவில்லை, பையை இறக்கவில்லை. "உம்மா, ஐ காட் நைட்!" என்று கத்தினாள். நைட் என்றால் குதிரை வீரன். நான் ஏன் இதைப் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், அதற்கு முந்தைய ஒரு வருடமாக அந்தப் பிள்ளை கத்தி நான் கேட்டதில்லை. மூன்று வயதில் கூட்டிவந்த பிள்ளை, இந்த ஊரிலேயே வளர்ந்தது. போன வருடம் வரை சனிக்கிழமை என்றால் யார் வீட்டிலாவது பிறந்தநாள் என்று போய்விடுவாள். அந்தச் செப்டம்பரில் நியூயார்க் கோபுரங்கள் விழுந்த பிறகு அழைப்புகள் தேய்ந்து தேய்ந்து நின்றுபோயின. யாரும் எதுவும் சொல்லவில்லை, கூப்பிடவில்லை, அவ்வளவுதான். மத்தியானம் யாரோடு சாப்பிட்டாய் என்று கேட்டால், "ஐ வாஸ் ரீடிங்" என்பாள். இப்போது திடீரென்று வகுப்பே அவளைத் தேடியது. பிரபுவுக்கு அவள் வேண்டும், ராஜாவுக்கு அவள் வேண்டும். போனில் ஒரு பிள்ளை கூப்பிட்டு அரைமணி நேரம் பேசியது. அந்தச் சீட்டுக்கு எங்கள் வீட்டில் என்ன விலை என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

வீரன் பிரபுவின் முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையையும் அவன் கைக்குள் வைத்து, உனக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்ய வேண்டுமாம். எனக்குச் சுருக்கென்றது.

"யாரு முன்னாடிடி மண்டி போடணும்?"

"இட்ஸ் ஜஸ்ட் எ கிட், உம்மா. பல்லுக்குக் கம்பி போட்டிருக்கான்" என்று சிரித்தாள். ஜெருசலேம் பக்கம் சுல்தானாக ஒரு சீனப் பிள்ளை. அதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வாரம்தான் பிரச்சினை. புனிதப் போருக்குப் போகிறவர்கள் தோளில் சிவப்புத் துணியில் சிலுவை தைத்துக்கொள்வது அந்தக் காலத்து வழக்கம். வீட்டில் தைத்து எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். நான் குதித்தேன். "நல்லா இருக்கு கதை! எம்புள்ள சிலுவையத் தைச்சுக்கிட்டு நம்ம ஆளுங்க மேலயே சண்டைக்குப் போறதா? எந்த மிஸ் இதச் சொன்னது? நான் வந்து கேக்குறேன்" என்று அடுக்களையில் நின்று சத்தம் போட்டேன். மகள் முகம் சுருங்கிப்போனது. வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நாடகந்தானே, விடு" என்றார்.

கோபம் இறங்கியதும் எனக்கே சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் நான் படித்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி. கிறிஸ்துமஸ் நாடகத்தில் மூன்று ராஜாக்களில் ஒரு ராஜா நான். அடுப்புக்கரியில் மீசை வரைந்து, சாம்பிராணித் தட்டோடு மேடையில் நடந்தேன். என் உம்மா முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியது. ஊருக்குள் யாரும் எங்களை ஒதுக்கி வைக்கவில்லை. இங்கே வந்து எனக்கு என்ன வந்தது? பெட்டியில் இருந்த சிவப்பு ரவிக்கைத் துணியை எடுத்து, சிலுவை வெட்டி, பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பில் செய்த அங்கியின் தோளில் பிரியாமல் இரட்டைத் தையலாகப் போட்டுக் கொடுத்தேன். மகள் அதைப் போட்டுக்கொண்டு கூடத்தில் இப்படியும் அப்படியும் நடந்தாள். அவள் வாப்பா சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்து அவள் பள்ளியில் இருந்து மெதுவாக வந்தாள். ஷூவைக் கழற்றி ஒழுங்காக அடுக்கி வைத்தாள். அதைப் பார்த்ததுமே கைவேலையைப் போட்டுவிட்டு அவளிடம் போனேன்.

"என்னடி?"

"நான் இப்ப நைட் இல்ல. ஐ'ம் எ ஸெர்ஃப்."

பண்ணையடிமை. ஆசிரியை அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இதுதான் உனக்கு வசதியாக இருக்கும் என்று சொல்லி மாற்றிவிட்டாராம். ஏனென்று கேட்டதற்கு, உன் குடும்பத்தின் நம்பிக்கையை நாங்கள் மதிக்கிறோம் என்றாராம். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள்.

"நீங்கதான போன் பண்ணீங்க?"

"நானா? நாந்தானடி அதத் தைச்சுக் குடுத்தேன்!"

"யூ வேர் யெல்லிங் அபவுட் த கிராஸ். உங்களத் தவிர வேற யாரு?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து என்னிடம் பேச்சு இல்லை. கேட்டால் தலையசைப்பு. தட்டை வைத்தால் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவாள். கோபித்துச் சண்டை போட்டால்கூடத் தாங்கலாம். வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி, "தேங்க் யூ" சொல்லிவிட்டு எழுந்து போனாள். பெத்தவளுக்கு அதைவிட என்ன தண்டனை வேண்டும்? எவள் இந்த வேலையைச் செய்தது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

முதல் சந்தேகம் ஆசிரியை மேல். சிரித்துக்கொண்டே பேசுகிற அம்மாள். தானாகவே எங்கள் பிள்ளையை ஓரங்கட்டிவிட்டு, பழியை எங்கள் நம்பிக்கை மேல் போட்டிருப்பார். ஆனால் உறுதியான சந்தேகம் எதிர்வீட்டு அம்மா மேல்தான். சென்னைக்காரர், எங்களைப் போலவே தமிழ் வீடு, என் மகள் வகுப்பிலேயே அவர் பையனும். வாரம் ஒருநாள் வகுப்பில் போய் ஒத்தாசை செய்வார். சிலுவை தைக்கிற சமயத்தில் என்னிடம், "உங்க பொண்ணு இதெல்லாம் போட்டுக்கலாமா? உங்கள்ல ஒத்துப்பாங்களா?" என்று கேட்டிருந்தார். 'உங்கள்ல' என்ற அந்தச் சொல் எனக்குள் முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது. என்னிடம் கேட்டவர் ஆசிரியையிடமும் கேட்டிருக்க மாட்டாரா?

ஒருநாள் அவர் தபால் பெட்டியருகே நிற்பதைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த கரண்டியோடு வெளியே போனேன்.

"ஏங்க, ஸ்கூல்ல எம்பொண்ணப் பத்தி ஏதாவது சொன்னீங்களா?"

"நானா? என்னத்தச் சொன்னேன்?"

"சிலுவை போட்டுக்கக் கூடாதுன்னு. எங்கள்ல ஒத்துக்க மாட்டோம்னு."

அவர் முகம் சிவந்துவிட்டது. "நல்லா இருக்கே! என் பையனுக்கு என்ன சீட்டு வந்திருக்குன்னு தெரியுமா? கசாப்புக்கடைக்காரன்! எங்காத்துல வெங்காயம்கூட வாரத்துல நாலு நாள் கிடையாது. அவன் ரப்பர் கோழியத் தலைகீழாத் தொங்கவிட்டுண்டு ப்ராக்டிஸ் பண்றான். நான் போய் மாத்தச் சொன்னேனா? நாடகம்னு விட்டுட்டேன். உங்க பொண்ணுக்கு மட்டும் போய்ச் சொல்லுவேனா?" என்று படபடவென்று கொட்டிவிட்டு, கடிதங்களைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கசாப்புக்கடைக்காரன் என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டேன். நேர்மையாகச் சொன்னால் அவர் மேல் இருந்த சந்தேகம் அப்போதும் முழுசாகப் போகவில்லை. அவ்வளவு கோபம் வருவானேன்?

மறுநாள் மத்தியானம் பள்ளிக்கே போய்விட்டேன். வகுப்பறைச் சுவரில் அட்டையில் செய்த கோட்டை, ஓரமாக வண்ணம் காயாத கேடயங்கள். ஆசிரியை நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. வழியெல்லாம் கார் ஓட்டிக்கொண்டே ஒத்திகை பார்த்த ஆங்கிலத்தில், என் மகளை ஏன் மாற்றினீர்கள், முஸ்லிம் பிள்ளை என்றால் மண் வெட்டத்தான் லாயக்கா என்று கேட்டேன்.

அந்த அம்மாள் உண்மையிலேயே திகைத்துப்போனார். "ஆனால் நீங்கள்தானே மாற்றச் சொன்னீர்கள்?" என்றார்.

"நானா?"

"உங்கள் கணவர் வந்திருந்தாரே, போன வாரம். சிலுவை அணிவது உங்கள் மதத்தில் கூடாது என்று ரொம்பப் பணிவாகச் சொன்னார். எனக்குத்தான் முன்பே தோன்றியிருக்க வேண்டும் என்று மன்னிப்புக்கூடக் கேட்டேன்."

அப்போதுதான் உட்கார்ந்தேன். ஊரையே சந்தேகப்பட்டவள், ஒரே கூரைக்குக் கீழே இருந்த ஆளை விட்டுவிட்டேன். நாடகந்தானே, விடு என்று சொன்ன மனுஷன்! லீவு போட்டு, சட்டை மாற்றி, பள்ளிக்குப் போய், பணிவாகப் பேசிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். பிள்ளை என் முகத்தில் முழிக்காமல் இருப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்.

சாயந்திரம் ரயில் நிலையத்துக்கு நானே காரை எடுத்துக்கொண்டு போனேன். அவர் சாப்பாட்டுப் பையோடு வந்து ஏறினார். நான் காரைக் கிளப்பவில்லை.

"ஸ்கூலுக்குப் போயிருந்தேன்" என்றேன்.

அவர் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிலுவ போடக் கூடாதுன்னு அப்படி என்ன திடீர்னு மார்க்கப் பற்று வந்துச்சு ஒங்களுக்கு? வெள்ளிக்கிழமைத் தொழுகையையே மீட்டிங்னு சொல்லி விட்டுட்டு வர்றவரு!"

"சிலுவையா? சிலுவைல என்ன இருக்கு" என்றார்.

"பெறகு?"

சாப்பாட்டுப் பையை மடியில் நகர்த்தி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "வாளு புள்ள."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். ஒவ்வொரு வருடமும் அந்தத் திருவிழாவுக்கு உள்ளூர்ப் பத்திரிகையில் இருந்து படம் எடுக்க வருவார்கள். பள்ளியின் வெப்சைட்டிலும் போடுவார்கள். "படத்துக்குக் கீழ பேரு போடுவாங்க. கையில வாளு, கீழ நம்ம பேரு. ஆபீஸ்ல எவனாவது பாப்பான். எவனாவது வெட்டி ஒட்டி மெயில்ல அனுப்புவான். நம்ம பேப்பர வச்சுக்கிட்டு இருக்குற ஆபீஸர் பாப்பான்."

"அதான் தோள்ல சிலுவை இருக்குல்ல?"

"அத யாரு பாக்கப் போறா?" என்றார்.

போன மாதம் ஆபீஸில் இவர் கேக் வெட்டக் கத்தியை எடுத்தபோது ஒருத்தன், எல்லாரும் தள்ளி நில்லுங்கப்பா என்று சொல்லி எல்லாரும் சிரித்தார்களாம். இவரும் சிரித்தாராம். என்னிடம் சொல்லவே இல்லை.

"மிஸ்கிட்ட ஏன் சிலுவைன்னு சொன்னீங்க?"

"சிலுவைன்னா ஒடனே ஒத்துக்குவாங்க. வாளுன்னா ஏன்னு கேப்பாங்க. என்ன சொல்லச் சொல்ற?"

திட்ட வேண்டும் என்றுதான் போனேன். பாதி திட்டவும் செய்தேன். இதனால் பழியெல்லாம் என் தலையில் விழுந்ததையும், பிள்ளை என்னை விரோதி மாதிரிப் பார்ப்பதையும் சொல்லிச் சத்தம் போட்டேன். பக்கத்துக் காரில் ஏறிய ஒருவர் திரும்பிப் பார்த்தார். "மெதுவா" என்றார் என் வீட்டுக்காரர். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. காரைக் கிளப்பினேன். "வீட்டுக்கு வந்து நீங்களே அவகிட்டச் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

மகள் சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் பையைக்கூட இறக்கி வைக்காமல் அவளுக்கு எதிரே போய் நின்றார். "உம்மா இல்லமா. வாப்பாதான் மிஸ்கிட்டப் போய்ச் சொன்னேன்" என்றார். பத்திரிகை, படம், பேர், வாள் எல்லாவற்றையும் தட்டுத்தடுமாறிச் சொன்னார். நான் அடுக்களை வாசலில் நின்றிருந்தேன். அவள் அழுவாள், அல்லது கத்துவாள், அல்லது எழுந்து போய்க் கதவைச் சாத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். என்னை ஒரு தடவை பார்த்து, "ஸாரி, உம்மா" என்றாள். பிறகு அவரிடம் நிதானமாக, பெரிய மனுஷி மாதிரிச் சொன்னாள். "வாள் வேண்டாம்னு நான் முதல் நாளே சொல்லிட்டேன், வாப்பா."

"யாருகிட்ட?"

"மிஸ்கிட்ட. சீட்டு எடுத்த அன்னைக்கே. வாளை வேற ஒருத்திகிட்டக் குடுத்துட்டு, நான் குதிரைய மட்டும் பிடிச்சுக்கிறேன்னு சொன்னேன்." துடைப்பக் கட்டையில் அட்டைத் தலை ஒட்டி ஓவிய வகுப்பில் செய்த குதிரை. "எனக்கு அது போதும்."

"ஏம்மா?" என்று கேட்டார் அவர். அதை விட மடத்தனமான கேள்வியை அந்த மனுஷன் வாழ்நாளில் கேட்டிருக்க மாட்டார்.

"யாராவது ஏதாவது சொல்லுவாங்க" என்றாள். தோளைக் குலுக்கிவிட்டு மறுபடி பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

துள்ளிக் குதித்து வீட்டுக்குள் ஓடி வந்தாளே, அன்றைக்கே, பள்ளியை விட்டுக் கிளம்பும் முன்பே, இந்தக் கணக்கையும் போட்டு முடித்துவிட்டுத்தான் ஓடி வந்திருக்கிறாள். பன்னிரண்டு வயசு. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அவளுக்குத் தெரியக் கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்திருந்ததை அவள் எங்களிடம் இருந்து மறைத்து வைத்திருந்தாள்.

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பையை அப்போதுதான் இறக்கி வைத்தார். பிறகு, "நாளைக்கு வாப்பா போய் மிஸ்கிட்டப் பேசுறேன்" என்றார்.

"குதிரை மட்டும்னு சொல்லுங்க" என்றாள் நிமிராமல்.

மறுநாள் காலையில் அவர் ரயிலை விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனார். நானும் கூடப் போனேன். சீட்டை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்து ஒத்திகையும் முடிந்துவிட்டது என்றார் ஆசிரியை. குதிரையும் அந்தப் பிள்ளையிடம்தான் இருந்தது.